அட்டைக்கு வரைந்த ஓவியம் டி-ஷர்ட்டில் வந்தால்

நாவல் அட்டைக்கு நீங்கள் வரைந்து கொடுத்த, லாந்தர் பிடித்த ஆந்தையைப் பதிப்பாளர் கேட்காமலே டி-ஷர்ட்டில் போட்டு விற்கிறார், பதிவு செய்யாததால் உரிமை போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை. 1886-இல் கையெழுத்தான பெர்ன் ஒப்பந்தத்தில் இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. அதன்படி பதிப்புரிமை கிடைக்கப் பதிவு தேவையே இல்லை. வழக்கு என்று போனால் சில நாடுகளில் பதிவு கைகொடுக்கும், அது வேறு கதை.

'அதான் காசு கொடுத்தாச்சே' என்பார். எல்லாரும் சொல்வதுதான். நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். தனியாக வேலை எடுத்துச் செய்தவர் என்றால், பெரும்பாலும் அவர் வாங்கியது பயன்படுத்தும் அனுமதியைத்தான். ஆனால் காசு கொடுத்து வரையச் சொன்னவருக்கே உரிமை தரும் சட்டமும் சில இடங்களில் உண்டு, உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். பழைய மின்னஞ்சல், வாட்ஸப், பில் எல்லாவற்றையும் தோண்டுங்கள். பில்லில் 'முன்அட்டை ஓவியம்' என்று ஒரு வரி இருந்தால்கூட நல்ல பிடி. லேயர்கள் தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒன்று, லாந்தர் பிடித்த ஆந்தை என்ற யோசனைக்கு உரிமை கோர முடியாது. நீங்கள் வரைந்த அந்த ஆந்தைக்குத்தான் முடியும்.

முகநூலில் பொங்குவதற்கு முன் ஒரு கடிதம் அனுப்புங்கள்: டி-ஷர்ட்டுக்குத் தனி அனுமதி, எத்தனை பிரதி, எவ்வளவு காலம், என்ன தொகை. மசியவில்லை என்றால் அப்புறம் வக்கீல்.