குடிக்கப் பாடம் எதற்கு?

கேள்வி: 2020 லாக்டவுனில் நண்பர்கள் சிலர் பீர்ப் பெட்டி வரவழைத்து, அவரவர் வீட்டிலிருந்தபடியே, திரையில் ஒருவர் விளக்க விளக்க ருசி பார்த்தோம். இன்றும் மாதம் ஒரு முறை அது தொடர்கிறது. பீர்த் திருவிழாக்களுக்கு நேரில் போகும் நண்பர் ஒருவர், "இது திரையைப் பார்த்து நீச்சல் கற்பது மாதிரி" என்கிறார். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹட்டனில் பிறந்த என் அப்பா வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. அவர் "குடிக்கப் பாடம் எதற்கு?" என்று கேட்கிறார். யார் சொல்வது சரி?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது தவறு. திரையைப் பார்த்து நீச்சல் கற்க முடியாது, ஏனென்றால் தண்ணீர் அந்தப் பக்கம் இருக்கிறது. உங்கள் மேசையிலோ பீர் இருந்தது, கிளாஸ் இருந்தது, மூக்கும் நாக்கும் உங்களிடமே இருந்தன. அந்தப் பக்கம் இருந்தவர் சொல்லிக்கொடுப்பவர் மட்டும்தான்.

திருவிழாக்களைக் குறைத்துப் பேசவில்லை. பிரிட்டனின் பப்களில் உயிருள்ள ஏல் (ஈஸ்ட் உயிரோடிருக்கும் பாரம்பரிய பீர்) இன்னும் கிடைக்கிறதென்றால் அதில் கேம்ரா அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பெரிய ஆலைகள் பீரை வடிகட்டி, சூடாக்கி, வாயு ஏற்றி அடைத்து விற்கத் தொடங்கியதை எதிர்த்து 1971-ல் நான்கு பேர் ஆரம்பித்த இயக்கம் அது. 1977-ல் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் முதல் கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவலை நடத்தினார்கள். 2020-ல் ஒலிம்பியா அரங்கில் கூட முடியாமல் போனபோது, அதே கேம்ராதான் செப்டம்பரில் விழாவை இணையத்துக்குக் கொண்டுபோனது. பீர் வீடுகளுக்குப் போனது, ருசி வகுப்புகள் திரையில் நடந்தன. அடுத்த மாதமே கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலும் அப்படிச் செய்தது. அரை நூற்றாண்டு இதற்காகவே உழைத்தவர்கள் திரை வழியே கற்பிக்கத் தயங்கவில்லை. உங்கள் நண்பர் கேலி செய்வதற்கு முன் ஒரு மாலையாவது உங்களோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

பெரிய அரங்கில் நான் நின்றிருக்கிறேன். கொண்டாட்டத்துக்கு அதைப் போல ஓர் இடம் கிடையாது. ஆனால் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. கிளாஸ் பாதி கழுவியும் கழுவாமலும் அடுத்ததற்கு நீட்ட வேண்டியிருக்கும். நாலாவது கிளாஸில் நாக்கு மரத்துவிடும். வீட்டு மேசையில் அப்படியில்லை. எல்லோரிடமும் ஒரே பீர், ஒரே வரிசை, கையில் பேனா. அடுத்தவர் வாய் திறக்கும் முன் உங்கள் மூக்கில் பட்டதை எழுதி முடித்துவிடலாம். கற்பதில் பாதி அங்கேதான் நடக்கிறது. இன்னொருவர் "ஆரஞ்சுத் தோல்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் எல்லோருக்கும் ஆரஞ்சுத் தோல்தான் மணக்கும்.

என்ன கற்கலாம் என்று உங்கள் நண்பர் கேட்டால் பவேரியக் கோதுமை பீர் ஒன்றை ஊற்றிக் கொடுங்கள். பழுத்த வாழைப்பழ மணம் வரும், அதன் பின்னால் கிராம்பு. இரண்டையும் யாரும் போடவில்லை, ஈஸ்ட் செய்த வேலை அது. பவேரியாவின் புகழ்பெற்ற 1516-ஆம் ஆண்டுச் சட்டம் பார்லி, ஹாப் (பீருக்குக் கசப்பு தரும் பூ), தண்ணீர் மூன்றைத்தான் சொல்கிறது. ஈஸ்ட் என்ற பேச்சே அதில் இல்லை. ஈஸ்ட் ஓர் உயிர் என்று தெரியாமலே அவர்கள் அருமையாகக் காய்ச்சினார்கள்! இதைப் படிக்கும்போது தகவலாக இருக்கும். மூக்கருகே கிளாஸை வைத்துக்கொண்டு கேட்கும்போதுதான் மனதில் தங்கும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். வெளிறிய, ஹாப் கசப்புள்ள பீர் ஒன்றை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை வெயிலில் கால் மணி நேரம் வையுங்கள், மற்றதை இருட்டில். பிறகு இரண்டையும் முகர்ந்தால், வெயில்பட்டதில் ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் நாற்றத்தின் சாயல் இருக்கும். ஹாப்பிலிருந்து வரும் கசப்புப் பொருள் ஒளியில் சிதைவதால் வருவது அது. பழுப்புப் போத்தல் ஒளியைத் தடுக்கும், பச்சையும் நிறமற்றதும் அவ்வளவாகத் தடுக்காது. கடை ஜன்னலோரம் அடுக்கிய பச்சைப் போத்தலை அதன்பின் நீங்கள் வாங்க மாட்டீர்கள்.

நான் கலந்துகொண்ட ஓர் இணைய அமர்வில், சிறிய ஆலை ஒன்றின் காய்ச்சுநர் தன் பீரையே முகர்ந்துவிட்டு, "வெண்ணெய் வாசம் வருகிறது, இதை நான் இன்னும் சில நாள் விட்டிருக்க வேண்டும்" என்றார். ஈஸ்ட் உண்டாக்கும் அந்த வாசத்தை, அவகாசம் கொடுத்தால் ஈஸ்ட்டே திரும்ப இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டால் கிளாஸில் நின்றுவிடும். திருவிழாக் கூட்டத்தில், விற்பனை மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவருக்கு அதைச் சொல்ல நேரம் கிடைத்திருக்காது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

நண்பர் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பீப்பாய் ஏலைப் பெட்டியில் அனுப்ப முடியாது. அதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, பப்பின் நிலவறையிலும் நொதித்துக்கொண்டிருக்கிறது. திறந்துவிட்டால் ஏறக்குறைய மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். 11 முதல் 13 டிகிரி குளிரில், கைப்பம்பில் இழுத்து ஊற்றினால்தான் அதன் ருசி. கள் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலையில் இறக்கியதும் மாலையில் இருப்பதும் ஒன்றல்ல என்று அவர்களுக்குத் தெரியும். போத்தலிலேயே ஈஸ்ட்டோடு அடைத்த ஃபுல்லர்ஸ் 1845 மாதிரியான பீர்கள் ஓரளவு அருகில் வரும். ஆட்டாமல் நிமிர்த்தி வைத்திருந்து, மண்டி கலங்காமல் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். பீப்பாய்க்காக மட்டும் திருவிழாவுக்கோ நல்ல பப்புக்கோ போய்த்தான் ஆக வேண்டும், நண்பரையே கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

அப்பாவின் கேள்வி வேறு வகை. அதை நண்பரின் கேலியோடு ஒரே வரிசையில் வைத்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் சம்பள நாளன்று தவறணைக்குப் (மதுக்கடைக்கு) போனவர்கள் எப்படித் திரும்பினார்கள், கசிப்பு என்ற கள்ளச்சாராயம் எத்தனை லயத்துக் காம்பராக்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அடுப்பை அணைத்தது என்பதெல்லாம் அந்த மண்ணில் பிறந்தவருக்குத் தெரியும். மறப்பதற்காகக் குடித்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். நீங்கள் கவனிப்பதற்காகக் குடிப்பதாகச் சொன்னால் அவர் ஏன் உடனே நம்ப வேண்டும்? நம்பும்படி நீங்கள்தான் நடந்துகாட்ட வேண்டும். அதற்கு அளவு வேண்டும். பிரிட்டனின் மருத்துவ ஆலோசனை வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். 4 சதவீத பீர் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, 2.3 யூனிட். 8.8 சதவீத ஸ்டவுட் (கறுத்த பீர் வகை) 330 மில்லிச் சிறு போத்தல் 2.9 யூனிட். சின்னப் போத்தல்தான் பெரியது! ருசி பார்க்க பைன்ட்டில் மூன்றில் ஒரு பங்கே அதிகம். ஆளுக்கொரு வீட்டில் ஆறு போத்தலைத் தனியாகக் காலி செய்வது பாடமே அல்ல. மாதம் ஒரு முறை இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பகிருங்கள். குடியால் அல்லல்பட்ட ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், அவரை அழைக்கவே அழைக்காதீர்கள்.

அந்த 8.8 சதவீதக் கணக்கை வேண்டுமென்றே எடுத்தேன். அது லயன் ஸ்டவுட், நுவரெலியாவில் வளர்ந்த ஆலையின் பீர். பீரைப் பற்றி எழுதியே உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேயர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, 2007-ல் மறைந்தவர்) அதை வாயாரப் பாராட்டி மேல்நாட்டு ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். உங்கள் அப்பா பிறந்த மலையில் காய்ச்சிய பீரை அத்தனை தூரத்திலிருந்து வந்த ஒருவர் கவனித்துக் குறித்துவைத்தார். அடுத்த அமர்வில் அதைக் கடைசியாக வையுங்கள், கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிடம் குளிர் போக விடுங்கள். அப்பா குடிக்க வேண்டியதில்லை. கிளாஸை அவர் கையில் கொடுத்து, முகர்ந்து என்ன வாசம் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். வறுத்த காப்பிக்கொட்டை என்பாரோ, கருப்பட்டி என்பாரோ, சொன்னதை உங்கள் தாளில் முதலில் எழுதுங்கள்.