பஞ்சாயத்து அப்ரூவல் மனையைப் புஞ்சை என்று எழுதி விற்கலாமா?

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் 2014-ல் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' மனை வாங்கினேன். ஊராட்சித் தலைவர் முத்திரை போட்ட வரைபடம் இருக்கிறது. வங்கி கடன் தர மறுக்கிறது. மனை போட்டவர், போலீஸ் புகாரை வாபஸ் வாங்கினால் வரன்முறைக் கட்டணத்தில் (அனுமதியற்ற மனையைச் சட்டப்படி முறைப்படுத்த அரசுக்குக் கட்டும் தொகை) பாதி தருகிறேன் என்கிறார். புரோக்கரோ, புஞ்சை என்று எழுதி விற்றுவிடச் சொல்கிறார். தலைவர் கோயிலில் சத்தியம் செய்து என்னை ஏமாற்றிவிட்டார். எனக்கு நீதி கிடைக்குமா?

பதில்: சத்தியத்தை விடுங்கள். லே-அவுட்டுக்குத் தன்னிச்சையாக அனுமதி கொடுக்க ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமே கிடையாது. அந்த முத்திரையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பத்திரத்தை எடுங்கள். சொத்து விவரத்தில் 'வீட்டுமனை' என்று மனை எண்ணோடு இருக்கிறதா? உங்கள் கேஸே அதில்தான் நிற்கிறது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு 20.10.2016-ல் அமலுக்கு வந்தது. அனுமதியற்ற மனையைப் பதியத் தடை போட்ட அதே பிரிவு, முன்பே வீட்டுமனையாகப் பதிவானதற்கு விலக்கும் தருகிறது. 2017 வரன்முறை விதிகளிலும் மனை அந்தத் தேதிக்குள் பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

புரோக்கர் சொல்வது இந்தப் பிடியை நீங்களே அறுத்துக்கொள்ளும் வேலை. இத்தனை சென்ட் புஞ்சை என்று எழுதினால் பதிவு நடந்துவிடலாம். அப்புறம் வாங்கியவர் வரன்முறைக்குப் போவார். தாய்ப் பத்திரம் மனை என்கிறது, கிரயப் பத்திரம் புஞ்சை என்கிறதே என்று ஃபைலைத் திருப்பிவிடுவார்கள். அவர் நேராக உங்களிடம்தான் வருவார். பணத்தைத் திருப்பிக் கேட்டு சிவில் வழக்கு, கூடவே மோசடிப் புகார். மதிப்பைக் குறைத்துக் காட்டியதாக முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் நோட்டீஸும் வரலாம். 'எல்லாரும் இப்படித்தான் சார் எழுதுறாங்க' என்றபடி சம்மனை நீட்டி, வழக்குக்காக என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விற்ற பணம் அதற்குள் கரைந்திருக்கும், புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.

போலீஸ் புகாரால் பெரிதாக எதுவும் நடக்காது. கிரயம் உங்கள் பெயரில், அனுபோகமும் உங்களிடம். சிவில் விவகாரம் என்று மூடிவிடுவார்கள். சமரசமாகப் போங்கள். டி.டி. கைக்கு வந்த பிறகே வாபஸ்.

அதற்கு முன் புல வரைபடம் வாங்கி, மனைக்குள் ஓடையோ வாய்க்காலோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வரன்முறை கிடைக்காது. அப்போது பாதிக் கட்டணத்துக்குச் சம்மதிக்காதீர்கள், கொடுத்த கிரயத் தொகையையே கேளுங்கள்.