பழைய யமஹா பியானோ ஒன்றை "ஜப்பான் தயாரிப்பு" என்று விற்கிறார்கள். வாங்குமுன் எப்படி உறுதி செய்வது?

முன்மூடியில் இருக்கும் யமஹா என்ற பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஜப்பானில் யமஹா ஆலை இருக்கும் ஹமாமட்சுவில் செய்ததிலும் இந்தோனேசியாவில் செய்ததிலும் அதே பெயர்தான். விற்பவர் "ஜப்பான் பியானோ" என்றால், அங்கே செய்தது என்கிறாரா, ஜப்பான் கம்பெனியுடையது என்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோ என்றால் மேல்மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பிகளை இறுக்கும் ட்யூனிங் பின்களுக்குப் பக்கத்தில், தங்க நிறம் பூசிய வார்ப்பிரும்புச் சட்டத்தில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கும். எண்ணுக்கு முன்னால் 'ஜே' (J) எழுத்து இருந்தால் இந்தோனேசியா. 'டி' (T) இருந்தால் அமெரிக்காவின் தாமஸ்டன் ஆலை. 1970களின் ஜப்பான் யு1, யு3 மாடல்களில் பெரும்பாலும் வெறும் ஏழு இலக்கம்தான். ஏறக்குறைய 1970இல் 10 லட்சத்தை எட்டிய எண், 1980 வாக்கில் 30 லட்சத்துக்கு வந்துவிட்டது. ஆகவே 18 லட்சத்தில் தொடங்கும் எண்ணைக் காட்டி "1990 மாடல்" என்றால் கணக்கு இடிக்கிறது. மாடலும் ஒத்துப்போக வேண்டும்: யு1ஹெச் 1970களுக்கு உரியது, 1980 வாக்கில் நின்றுபோனது.

டேப் வைத்து உயரம் அளந்துவிடுங்கள். யு1 121 செ.மீ., யு3 131 செ.மீ. 109, 113 என்று வந்தால் அது யு1 இல்லை. ஆனால் 121 வந்துவிட்டதாலேயே நம்பிவிடவும் முடியாது. இந்தோனேசியாவில் செய்யும் பி3 (b3) மாடலும் அதே உயரம்தான்.

ஏமாற்று நடப்பது பெரும்பாலும் புதுப்பித்த பியானோக்களில். எண்ணைச் சுற்றி மட்டும் தங்கப் பூச்சு வேறு பளபளப்பில் இருந்தால், இலக்கங்கள் கோணலாக இருந்தால், அல்லது எண் இருக்க வேண்டிய இடமே பூச்சில் மூழ்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். மேல் முன்பலகையை இருபுறத் தாழ்களையும் திருப்பிக் கழற்றலாம். அதன் உட்புறத்திலும் முதல் கட்டையின் பக்கவாட்டிலும் ட்யூனர்கள் பென்சிலால் தேதி எழுதிவைப்பது பழைய வழக்கம். அந்தத் தேதி, சொன்ன தயாரிப்பு ஆண்டுக்கு முந்தையதாக இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இன்னொன்று: 1987 வரை நிறுவனத்தின் பெயர் நிப்பான் கக்கி. 1975 பியானோ என்று சொல்லி, உள்ளே ஆலை ஒட்டியதாகக் காட்டும் லேபிளில் 'யமஹா கார்ப்பரேஷன்' என்றிருந்தால் அது பின்னால் ஒட்டியது.

நேரில் போகுமுன் மாடலும் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள். சாக்கு சொன்னால் முன்பணம் வேண்டாம்.

என்னைக் கேட்டால், பிறந்த ஊரைவிட வளர்ந்த வீடு முக்கியம். ஈரக்காற்றில் கிடந்து பாஸ் கம்பிகள் துருவேறி, ஃபெல்ட்டைப் பூச்சி அரித்து, பின்கள் தளர்ந்த ஹமாமட்சு பியானோவைவிட நன்றாகப் பராமரித்த இந்தோனேசியப் பியானோவே மேல். பின்களின் இறுக்கம் கண்ணுக்குத் தெரியாது. ட்யூனரை அழைத்துப்போய், ட்யூனிங் சாவி போட்டுத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.