ஒரு நாள்ல ரோம்: உள்ள போறது ஒரே இடம், மத்ததெல்லாம் நடந்தே

போன இதழ்ல ரோம் பத்தி நாலு வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், ஒரு நாள்தான் இருக்கு, என்னென்ன பாக்கலாம்னு. அதனால இந்த வாரம் பகுதி முழுக்க அதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: நானும் கணவரும் மாமியாரும் ஏப்ரல்ல இத்தாலி போறோம். ரோம்ல எங்களுக்கு முழுசா ஒரே ஒரு நாள், காலைல எட்டுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும். கொலோசியம், வாடிகன் மியூசியம், பாந்தியான், ட்ரேவி, ஸ்பானிஷ் படிக்கட்டுன்னு கணவர் பெரிய லிஸ்ட் போட்டு வச்சிருக்கார். மாமியாருக்கு 68 வயசு, நடப்பாங்க, ஆனா முட்டி வலி உண்டு. எல்லாம் முடியுமா?

பதில்: லிஸ்ட்ல இருக்கற எல்லா இடத்துக்கும் போய் நிக்க முடியும்மா, ஆனா எல்லாத்துக்கும் உள்ள போக முடியாது, இதுதான் முதல்ல வீட்ல உக்காந்து பேசி முடிவு பண்ண வேண்டிய விஷயம். கொலோசியம் பக்கம் உள்ள போய் ஒழுங்கா பாத்தா மூணு மணி நேரம், வாடிகன் மியூசியம் இன்னொரு மூணு மணி நேரம், ரெண்டுக்கும் நடுவுல பயணம், செக்யூரிட்டி வரிசை, வெயில். ஒரே நாள்ல ரெண்டும் வேணாம். ஒண்ணை எடுத்துக்கோங்க, இன்னொண்ணை அடுத்த பயணத்துக்கு விட்டுடுங்க.

இதை நான் பட்டுத்தான் சொல்றேன். முதல் தடவை போனப்போ எனக்கும் ஒரே நாள்தான், காலைல கொலோசியம் முடிச்சுட்டு மூணு மணிக்கு வாடிகன் மியூசியத்துக்குள்ள போனேன், கூட்டத்தோட கூட்டமா ஹால் ஹாலா தள்ளிட்டே போய் கடைசில சிஸ்டைன் சேப்பலுக்குள்ள வந்தப்போ கால் ரெண்டும் கெஞ்சுது, சுவரோரம் இருந்த பெஞ்சுல இடம் கிடைச்சதும் உக்காந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். மைக்கேலேஞ்சலோ 1508ல ஆரம்பிச்சு 1512 வரைக்கும் சாரத்து மேல நின்னு அண்ணாந்தபடியே வரைஞ்ச கூரை அது, அதுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு நான் தரையைப் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்கும் அதை நினைச்சா மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

உங்க மூணு பேருக்கும் நான் கொலோசியம் பக்கத்தைத்தான் சொல்வேன், ஏன்னா அங்க ஆரம்பிச்சா மத்த இடமெல்லாம் வழியிலயே வரிசையா வந்துடும். டிக்கெட் 18 யூரோ, அதுலயே ரோமன் ஃபோரமும் (பழைய ரோமோட மையமா இருந்த சதுக்கம், இப்ப இடிபாடு) அதை ஒட்டின பாலட்டைன் குன்றும் சேர்ந்திருக்கு. அதிகாரபூர்வ தளத்துல 30 நாளைக்கு முன்னாடிதான் விற்பனை திறக்கும், காலை நேரம் சீக்கிரம் தீந்துடும், அதனால அந்தத் தேதியை காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க. டிக்கெட்ல ஒவ்வொருத்தர் பேரும் இருக்கும், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே போடுங்க, பாஸ்போர்ட்டையும் கையோட கொண்டு போங்க. பெரிய பை, சூட்கேஸ் உள்ள விட மாட்டாங்க.

காலைல முதல் நேரத்துலயே உள்ள போயிடுங்க. பேரரசர் வெஸ்பாசியன் ஆரம்பிச்சு அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80ல திறந்து வச்ச அரங்கம், 50,000 பேருக்கு மேல உக்காந்து பாத்த இடம். வெளிச்சுவர் ஒரு பக்கம் உயரமாவும் இன்னொரு பக்கம் குட்டையாவும் இருக்கே ஏன்னு எல்லாரும் கேப்பாங்க, 1349ல வந்த நிலநடுக்கத்துல தெற்குப் பக்கம் சரிஞ்சுது, விழுந்த கல்லை எல்லாம் ஊர்க்காரங்க மாளிகை கட்டவும் சர்ச் கட்டவும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. மாமியாருக்கு படி வேணாம், உள்ள லிஃப்ட் இருக்கு, ஊழியர்கள்கிட்ட முட்டி வலின்னு சொல்லிக் கேளுங்க.

ஃபோரம்ல மட்டும் கொஞ்சம் யோசிக்கணும். தரை முழுக்க பழைய கல், மேடும் பள்ளமும், நிழலும் கம்மி. அவங்களால முடியலைன்னா பாலட்டைன் மேல ஏறவே வேணாம், ஃபோரம் உள்ள டைட்டஸ் வளைவுல இருந்து நேரா கீழ நடந்து போனா போதும். வழியில அன்டோனினஸ், ஃபாஸ்டினா கோவில்னு ஒண்ணு வரும், முன்னாடி பெரிய தூண், பின்னாடி ஒரு சர்ச், அந்த சர்ச்சோட கதவு தரையில இருந்து பல அடி உயரத்துல அந்தரத்துல நிக்கும். கதவு வச்ச காலத்துல அதுதான் தரை மட்டம், அத்தனை உயரத்துக்கு மண்ணு மூடிக் கிடந்துது, மேல மாடு மேஞ்சுட்டு இருந்துது, அந்த இடத்துக்கே மாட்டு மேய்ச்சல் திடல்னுதான் பேரு. எனக்கு ரோம்ல மனசை உலுக்கின காட்சின்னா கொலோசியத்தை விட இந்தக் கதவுதான்.

அங்க இருந்து கேப்பிட்டோலைன் குன்று, மேல மைக்கேலேஞ்சலோ வடிவமைச்ச சதுக்கம், நடுவுல குதிரை மேல பேரரசர் மார்கஸ் ஆரேலியஸ் சிலை (வெளிய இருக்கறது நகல், அசல் பக்கத்து மியூசியத்துக்குள்ள பத்திரமா இருக்கு). அந்தச் சதுக்கத்துல இருக்கற நகரசபைக் கட்டடத்துக்குப் பின்பக்கம் போய் எட்டிப் பாத்தா ஃபோரம் மொத்தமும் காலடியில விரிஞ்சு கிடக்கும், காசு கிடையாது. ஃபோரம் உள்ள நடக்க முடியாதவங்க இங்க நின்னு பாத்தாலே போதும்.

மதியம் சாப்ட்டு கண்டிப்பா ஒரு மணி நேரம் உக்காருங்க, இதை நேர விரயம்னு நினைக்காதீங்க. அப்புறம் லார்கோ அர்ஜென்டினா, ரோட்டுல நின்னே கீழ பாக்கலாம், ஜூலியஸ் சீசரை கி.மு. 44ல குத்தினது இந்தப் பக்கத்துலதான், இப்ப அந்த இடிபாடு முழுக்க பூனைங்க படுத்திருக்கும். அங்க இருந்து சில நிமிஷ நடையில பாந்தியான், பழைய ரோமானியக் கோவில். 2023 ஜூலையில இதுக்கு 5 யூரோ டிக்கெட் கொண்டு வந்தாங்க, இதுக்குள்ள கட்டாயம் போங்க, உள்ள போற நேரம் கம்மிதான், அதனால நான் சொன்ன "ஒரே இடம்" கணக்குல இதைச் சேக்கல. பேரரசர் ஹேட்ரியன் காலத்துல கட்டினது, குவிமாடத்தோட விட்டம் 43 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, தரையில இருந்து உச்சி வரைக்கும் உள்ள உயரமும் அதே அளவு, கம்பி போடாத கான்கிரீட்ல உலகத்துலயே பெரிய குவிமாடம் 1,900 வருஷம் ஆகியும் இன்னும் இதுதான். எப்படி நிக்குதுன்னா, மேல போகப் போக கனத்தைக் குறைச்சுட்டே போயிருக்காங்க, கீழ கனமான கல் கலவை, உச்சிக்கிட்ட எரிமலையில இருந்து வர்ற லேசான நுரைக்கல். உச்சியில திறந்த வட்டம் ஒண்ணு இருக்கு, மழை பெஞ்சா உள்ள கொட்டும், தரையில தண்ணி போக சின்னச் சின்ன ஓட்டை வச்சிருக்காங்க, தேடிப் பாருங்க. நீங்க போறது ஏப்ரல்ங்கறதால ஒண்ணு சொல்றேன், ஏப்ரல் 21 ரோம் நகரத்தோட பிறந்தநாளா கொண்டாடற நாள், அன்னைக்கு உச்சி வெயில் நேரத்துல அந்த வட்டம் வழியா வர்ற வெளிச்சம் சரியா வாசல்ல விழும். தேதி ஒத்து வந்தா பாந்தியானை மதியம் பன்னெண்டு மணி வாக்குல வச்சுக்கோங்க, ஒரு மணிக்கு முன்னாடியே உள்ள இருக்கணும்.

அடுத்தது நவோனா சதுக்கம், பக்கம்தான். சிற்பி பெர்னினியோட நாலு நதி நீரூற்று, 1651ல முடிஞ்சுது, நைல், டான்யூப், லா பிளாட்டா, நாலாவது நம்ம கங்கை. கையில துடுப்போட சாஞ்சு உக்காந்த சிலையா இருப்பார் கங்கை, அங்க போய் நிக்கறப்போ ஒரு சந்தோஷம் வரும் பாருங்க. மாமியாரை அங்கயே ஒரு பெஞ்சுல உக்கார வச்சுட்டு நீங்க ரெண்டு பேரும் சுத்தி வரலாம்.

சாயந்திரம் நாலரை, அஞ்சு மணிக்கு செயின்ட் ஆஞ்சலோ பாலம் வழியா செயின்ட் பீட்டர்ஸ். மியூசியம் வேற, இந்தப் பேராலயம் வேற, இதுக்கு டிக்கெட்டே கிடையாது, செக்யூரிட்டி வரிசை மட்டும்தான். தோளும் முட்டியும் மூடின உடை வேணும், புடவை, சுடிதார்லாம் பிரச்னையே இல்ல. உள்ள நுழைஞ்ச உடனே வலது பக்கம் பியட்டா சிலை (இறந்த ஏசுவை மடியில வச்சிருக்கற மரியா), மைக்கேலேஞ்சலோ இருபத்து சொச்சம் வயசுல செதுக்கினது, 1972ல ஒருத்தர் சுத்தியலால அடிச்சதுல இருந்து கண்ணாடிக்குப் பின்னாடிதான் இருக்கு. புதன்கிழமையா இருந்தா காலைல போப் பொது சந்திப்பு நடக்கும், பேராலயம் மதியத்துக்கு மேலதான் திறக்கும், இந்த வரிசைப்படி போனா உங்களுக்கு அதுவும் பாதிக்காது.

முடிச்சுட்டு ஒட்டாவியானோ மெட்ரோவுல ஏறி ஸ்பான்யா ஸ்டேஷன்ல இறங்கினா ஸ்பானிஷ் படிக்கட்டு. அந்தப் படியில உக்காரக் கூடாது, 2019ல இருந்து அபராதம் போடறாங்க, மாமியார்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க பாவம், கால் வலியில உக்காந்துடப் போறாங்க. கடைசியா ட்ரேவி நீரூற்று. பகல்ல அங்க மூச்சு விட முடியாது, ராத்திரி விளக்கு வெளிச்சத்துல அந்தத் தண்ணிச் சத்தத்தோட பாக்கறதுதான் அழகு.

கேள்வி: சிஸ்டைன் சேப்பல் பாக்கறதுக்காகவே போறேன். எனக்குக் கிடைக்கற நாள் ஞாயிற்றுக்கிழமை. இலவசம்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

பதில்: மாசத்தோட கடைசி ஞாயிறு மட்டும்தான் திறக்கும், அன்னைக்கு இலவசம், மத்த ஞாயிறெல்லாம் வாடிகன் மியூசியம் மூடியிருக்கும், சேப்பலும் அதுக்குள்ளதான் இருக்கு, தனியா வழி கிடையாது. அந்தக் கடைசி ஞாயிறும் பன்னெண்டரைக்கே நுழைவு முடிஞ்சுடும், கூட்டம் சொல்லி மாளாது. முடிஞ்சா ஒரு நாள் தள்ளிப் போட்டு திங்கள்கிழமை காலைக்கு டிக்கெட் எடுங்க, தயவுசெஞ்சு. உங்களுக்கு அதுதான் முக்கியம்னா கொலோசியம் உள்ள போகவே வேணாம், காலைல மனசும் காலும் புதுசா இருக்கறப்போ சேப்பல்ல போய் நில்லுங்க, கூரையை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, பலிபீடச் சுவர்ல இருக்கற கடைசித் தீர்ப்பு ஓவியம் மைக்கேலேஞ்சலோவே கிட்டத்தட்ட இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு, 1536ல இருந்து 1541 வரைக்கும், திரும்ப வந்து வரைஞ்சது. கூரையில இருக்கற மனுஷங்களுக்கும் இதுல இருக்கறவங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நிதானமா பாருங்க. போட்டோ எடுக்க அனுமதி இல்ல. இன்னொண்ணு, மியூசியம் வாசல் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்துல இல்ல, மதில் ஓரமா சுத்தி கால் மணி நேரம் நடக்கணும், சதுக்கத்து வரிசையில நின்னுட்டு டிக்கெட் நேரத்தைத் தவற விட்டவங்க நிறைய பேர்.

கேள்வி: ரோம்ல ஃப்ளைட் மாறணும், நடுவுல 9 மணி நேரம். ஊருக்குள்ள போய்ட்டு வரலாமா?

பதில்: ஷெங்கன் விசா (இத்தாலியும் சேர்த்து பல ஐரோப்பிய நாட்டுக்குப் பொதுவான விசா) இருந்தா மட்டும்தான் ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர முடியும், முதல்ல அதைப் பாருங்க. இருந்தா தாராளமா போகலாம். ஃபியூமிசினோ ஏர்போர்ட்ல இருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிஷத்துல ஊர் நடுவுல இருக்கற டெர்மினி ஸ்டேஷன், 14 யூரோ. இமிகிரேஷன், திரும்பி வந்து செக்யூரிட்டி எல்லாம் போக உங்களுக்கு ஊருக்குள்ள நாலு மணி நேரம்தான் மிச்சம்னு கணக்கு வச்சுக்கோங்க. டெர்மினில இருந்து மெட்ரோ பி லைன்ல ரெண்டே ஸ்டேஷன், வெளிய வந்தா எதிர்லயே கொலோசியம், சுத்தி வந்து பாத்துட்டு அப்படியே நடந்து பாந்தியான், ட்ரேவி, திரும்ப டெர்மினி. கொலோசியம் உள்ள போறதுக்கு டிக்கெட் எடுக்காதீங்க, ஃப்ளைட் லேட்டாச்சுன்னா காசும் போயிடும், மனசும் படபடன்னு அடிச்சுக்கும்.

கேள்வி: என் பையனுக்கு பத்து வயசு. பழைய கல்லையே எவ்வளவு நேரம் பாப்பான்?

பதில்: குழந்தைங்களுக்குக் கல்லு போரடிக்காது சார், நாம வருஷத்தையும் ராஜா பேரையும் அடுக்கறதுதான் போரடிக்கும். கொலோசியத்துல மேடைக்கு அடியில இருக்கற சுரங்க அறைகளை மேல இருந்து காட்டுங்க, மிருகத்தை கூண்டோட கயிறு, கப்பி வச்சு மேல தூக்கி கதவு வழியா திடீர்னு மேடைக்கு அனுப்புவாங்கன்னு சொன்னா அவனே நூறு கேள்வி கேப்பான். அப்புறம் பக்கத்துலயே சான் கிளெமென்டே சர்ச், பெரியவங்களே விட்டுட்டுப் போற இடம், மேல 12ம் நூற்றாண்டு சர்ச், ஒரு மாடி கீழ இறங்கினா 4ம் நூற்றாண்டு சர்ச், இன்னும் கீழ போனா மித்ராஸ் சாமி கும்பிட்ட ரோமானியக் கோவில், தரைக்கு அடியில ஓடற தண்ணிச் சத்தம் கேக்கும். பையனுக்கு அது ஒரு துப்பறியற கதை மாதிரி இருக்கும். 18 வயசுக்குக் கீழ கொலோசியத்துல இலவசம், ஆனா அவன் பேருக்கும் டிக்கெட் பதிவு பண்ணியே ஆகணும், இதை மறந்துட்டு வாசல்ல நிக்காதீங்க.

கேள்வி: ரோம்ல திருட்டு அதிகம்னு பயமுறுத்தறாங்களே?

பதில்: பயப்பட வேணாம், பையை முன்னாடி போட்டுக்கோங்க. டெர்மினி ஸ்டேஷன், மெட்ரோ, ட்ரேவி கூட்டம், இந்த மூணுலயும் ஜிப் மேல கை இருக்கட்டும். ரோஜாப்பூ, கயிறு எதையாவது "ஃப்ரீ"ன்னு கையில கட்ட வந்தா கையை இழுத்துக்கிட்டு நடந்துடுங்க. கிளாடியேட்டர் வேஷத்துல நிக்கறவங்களோட போட்டோ எடுத்தா காசு கேப்பாங்க. அவ்வளவுதான். தண்ணிக்கு காசு செலவு பண்ணாதீங்க, ஊர் முழுக்க தெருவுல நாசோனின்னு இரும்புக் குழாய் நாள் பூரா ஓடிட்டே இருக்கும், நல்ல குடிதண்ணி, ஒரு காலி பாட்டில் எடுத்துட்டுப் போங்க. அந்தக் குழாய் மூக்குல மேல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், கீழ வாயை விரலால அடைச்சா தண்ணி அது வழியா மேல பீச்சும், குனியாம குடிக்கலாம்.

அடுத்த இதழ்ல ஃப்ளோரன்ஸ் பத்தி வந்த கேள்விகளை எடுத்துக்கறேன், போற மாசத்தையும் எத்தனை நாள்ங்கறதையும் கண்டிப்பா எழுதி அனுப்புங்க.