விக்கிப்பீடியாவில் முகமறியாத பலர் ஒரே கட்டுரையை எப்படிச் சேர்ந்து தொகுக்கிறார்கள்? கட்டுரைகளை வகைபிரிக்கும் பகுப்புகளுக்கும், அவற்றின் மேல் இடப்படும் குறிகளுக்கும் யார் பொறுப்பு?

அங்கே யாரும் யாருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பதில்லை. தான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் அடுத்து வருபவர் கண்ணில் படும்படி பதிந்துவிட்டுப் போவதுதான் மொத்த ஏற்பாடும். செய்தது வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும், விட்டுப்போனது வார்ப்புருக் குறியாக (பக்கத்தில் இடும் ஆயத்த அறிவிப்பாக) நிற்கும், ஒத்துப்போகாதது பேச்சுப் பக்கத்துக்குப் போகும். இவற்றில் ஒன்றை அசட்டையாக விட்டாலும் அடுத்தவர் குழம்பிப்போவார்.

முதலில் சேமிக்கும் முறை. இருவர் ஒரே நேரத்தில் ஒரு கட்டுரையைத் திறந்து வேறு வேறு பத்திகளில் திருத்தினால் பெரும்பாலும் மென்பொருளே இரண்டையும் இணைத்துவிடும். ஒரே பத்தியில் கைவைத்தால்தான் 'தொகுத்தல் முரண்' வரும். விக்கி உரையில் ஒரு முழுப் பத்தியும் ஒரே வரிதான். மென்பொருள் ஒப்பிடுவது வரிவரியாக. அதனால் நீங்கள் பத்தியின் முதல் வாக்கியத்தையும் இன்னொருவர் கடைசி வாக்கியத்தையும் மாற்றினால்கூட மோதும். முழுக் கட்டுரையைத் திறக்காமல் பிரிவுவாரியாகத் தொகுத்து அடிக்கடி சேமித்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். ஒரே மூச்சில் பெரிதாக மாற்றி எழுத வேண்டியிருந்தால், 'தொகுப்பில் உள்ளது' என்று அறிவிக்கும் வார்ப்புருவை மேலே இட்டுவிட்டு வேலை செய்யலாம். முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். நாள்கணக்கில் கிடக்கும் அந்த அறிவிப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை ஒன்று உண்டு: பத்திகளை இடம் மாற்றுவது, எழுத்துப்பிழை திருத்துவது, புதுத் தகவல் சேர்ப்பது மூன்றையும் ஒரே சேமிப்பில் செய்வது. பிறகு முந்தைய பதிப்புடனான வேறுபாட்டைத் திறந்து பார்ப்பவருக்குப் பக்கமே நிறம் மாறித் தெரியும்; உள்ளே மாறிய ஓர் ஆண்டு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த எரிச்சலில் முழுவதையும் பழைய நிலைக்கே மீளமைத்துவிடுவார், நல்ல திருத்தமும் சேர்ந்து போகும். இடமாற்றம் தனியாக, பிழைத்திருத்தம் தனியாக, உள்ளடக்கம் தனியாகச் சேமியுங்கள்.

தொகுப்புச் சுருக்கத்தில் 'திருத்தம்' என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். என்ன செய்தீர்கள் என்பது வேறுபாட்டிலேயே தெரியும். ஏன் என்பதுதான் தேவை. 'இறந்த ஆண்டு மேற்கோளில் உள்ளபடி மாற்றப்பட்டது' என்றால் பார்ப்பவர் மேற்கோளைத் திறந்து சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். முன்பு சுருக்கத்துக்கு 255 பைட்டுதான் இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பிடிக்கும் என்பதால் எண்பத்தைந்து குறியீட்டிலேயே முடிந்துபோகும். இப்போது 500 குறியீடுகள் வரை எழுதலாம், அந்தச் சாக்கு போயிற்று. 'சிறு தொகுப்பு' என்ற பெட்டியை எழுத்துப்பிழைக்கும் வடிவமைப்புக்கும் மட்டும் சொடுக்குங்கள். தாம் பின்தொடரும் பக்கங்களின் கவனிப்புப் பட்டியலில் சிறு தொகுப்புகளை மறைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. பொருளை மாற்றிவிட்டு அதைச் சொடுக்கினால் ஒளித்துச் செய்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இனி குறிகள். இவை நாலு வகை, வைக்கும் இடமும் வேலையும் வேறு. கட்டுரையின் தலையிலோ வாக்கியத்தின் முடிவிலோ நிற்பவை துப்புரவுக் குறிகள்: சான்று தேவை, நடுநிலை ஐயம், இணைக்கப் பரிந்துரை போன்றவை. அடியில் இருப்பவை பகுப்புகள். பேச்சுப் பக்கத்தின் உச்சியில் இருப்பது விக்கித்திட்டத்தின் (ஒரு துறைக் கட்டுரைகளைக் கவனிக்கும் தொகுப்பாளர் குழுவின்) தர மதிப்பீடு. நான்காவது, ஒவ்வொரு தொகுப்பின் மீதும் மென்பொருள் தானாக ஒட்டுவது: கைபேசித் தொகுப்பு, பக்கத்தை வெறுமையாக்கியது, மீளமைக்கப்பட்டது என்று அண்மைய மாற்றங்களில் தெரியும். ரோந்து பார்ப்பவர்கள் இந்தக் கடைசி வகையை வைத்துத்தான் வடிகட்டிப் பார்க்கிறார்கள். அதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

துப்புரவுக் குறி வாசகரை எச்சரிக்க மட்டும் இருப்பதல்ல. அதை இட்டதும் கட்டுரை ஒரு பராமரிப்புப் பகுப்பில் விழுகிறது. மாதம், ஆண்டு சேர்த்தால் அந்த மாதத்துக்கான பகுப்பில் விழும். பல விக்கிகளில் தேதி இல்லாத குறிகளுக்குத் தானியங்கி நிரலே தேதி போட்டுவிடும். பழையதிலிருந்து தீர்த்துக்கொண்டு வருபவர்கள் இந்தத் தேதியைத்தான் நம்பியிருக்கிறார்கள். பெட்ஸ்கேன் கருவியில் ஒரு துறைப் பகுப்பையும் ஒரு குறியையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டிலும் பொருந்தும் கட்டுரைகள் மட்டும் பட்டியலாக வரும். பறவைகளைப் பற்றி அறிந்தவர், சான்றில்லாத பறவைக் கட்டுரைகளை மட்டும் எடுத்து உட்காரலாம்.

இதனால்தான் குறி குறிப்பாக இருக்க வேண்டும். ஒரே ஒரு எண்ணிக்கைமீது ஐயம் என்றால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' இடுங்கள். முழுக் கட்டுரைக்கும் பெரிய பட்டை எதற்கு? நடுநிலை ஐயக் குறியை இட்டால் எந்தப் பத்தி, என்ன சாய்வு என்று பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி ~~~~ இட்டுக் கையொப்பமிட வேண்டும். காரணம் சொல்லாத குறியை இன்னொருவர் எடுத்துவிட்டால் சண்டைக்குப் போக உங்களுக்கு நியாயம் இல்லை. வந்ததும் ஐந்தாறு பட்டைகளை அடுக்கிவிட்டுப் போவது உதவி ஆகாது. அதைச் செய்யும் நேரத்தில் ஒன்றையாவது சரிசெய்திருக்கலாம். உயிரோடிருக்கும் ஒருவர்மீது சான்றில்லாத பழி எழுதப்பட்டிருந்தால் குறி இடவே கூடாது; அந்த வாக்கியத்தை உடனே நீக்க வேண்டும்.

யார் எடுப்பது? குறையைச் சரிசெய்தவர் யாராயினும் எடுக்கலாம், கட்டுரையைத் தொடங்கியவரும்கூட. நீக்கல் தொடர்பான குறிகள் விதிவிலக்கு: விரைந்து நீக்கக் கோரும் குறியைப் பக்கத்தை உருவாக்கியவர் எடுக்கக் கூடாது, நீக்கல் உரையாடல் நடக்கும்போது உரையாடல் முடியும்வரை அந்த அறிவிப்பை யாரும் தொடக் கூடாது.

அதிகம் குளறுபடி நடக்கும் இடம் பகுப்பு. பொருந்தும் பகுப்புகளில் மிகக் குறுகியதில் சேர்ப்பது பொது விதி. யானையைப் 'பாலூட்டிகள்' பகுப்பில் இட்ட பிறகு 'விலங்குகள்' பகுப்பிலும் இடத் தேவையில்லை, முதலாவது இரண்டாவதன் கீழ் இருப்பதால். அடுத்தது, அந்தப் பண்பு கட்டுரைப் பொருளுக்கு முக்கியமானதா என்ற கேள்வி. ஐன்ஸ்டைன் வயலின் வாசித்தார் என்பதற்காக அவரை வயலின் கலைஞர்கள் பகுப்பில் சேர்ப்பது சரியல்ல. அது கட்டுரையில் ஒரு வரியாக இருந்தால் போதும்.

நுட்பப் பிழைகளும் உண்டு. மணல்தொட்டியில் (பயிற்சிப் பக்கத்தில்) வரைவு எழுதும்போது பகுப்பையும் இட்டுவிட்டால், அரைகுறை வரைவு உண்மையான கட்டுரைகளுடன் பகுப்புப் பக்கத்தில் வந்து நிற்கும். [[:பகுப்பு:பாலூட்டிகள்]] என்று முன்னால் முக்காற்புள்ளி இட்டால் வெறும் இணைப்பாக இருக்கும். வெளியிடும்போது அந்த முக்காற்புள்ளியை எடுத்துவிடலாம். பகுப்புப் பக்கம் முதல் எழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தும், ஒரு பக்கத்துக்கு 200 தலைப்புகள். அதனால் தலைப்பில் பெயருக்கு முன் தலைப்பெழுத்து (இனிஷியல்) உள்ள ஆளுமைகள் அந்தத் தலைப்பெழுத்தின் கீழ் போய்க் குவிவார்கள். வேறு இடத்தில் வர வேண்டுமானால் பகுப்பின் பெயரை அடுத்து இடும் குழாய்க்கோட்டுக்கு (|) பின் வரிசைச் சொல்லைக் கொடுக்க வேண்டும். அங்கே வெறும் இடைவெளி மட்டும் விட்டால் கட்டுரை பட்டியலின் உச்சிக்கு வரும். பகுப்பின் முதன்மைக் கட்டுரைக்கு மட்டுமே இதைச் செய்வார்கள்.

பகுப்பின் பெயரை மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பகுப்புப் பக்கத்தை நகர்த்தினால் அதிலுள்ள கட்டுரைகள் கூடவே நகராது. பெயர் ஒவ்வொரு கட்டுரையின் உரையிலும் எழுதப்பட்டிருப்பதால் ஒவ்வொன்றையும் தொகுத்தாக வேண்டும். ஆகவே முதலில் பேசி முடிவெடுத்து, பிறகு தானியங்கியிடம் விடுவார்கள். வார்ப்புரு வழியாக வரும் பகுப்பு என்றால் வார்ப்புருவில் ஒரே மாற்றம் போதும். ஆனால் பட்டியல் புதுப்பிக்கப்பட மென்பொருளின் பணிவரிசை முடிய வேண்டும், அதற்கு நேரமாகலாம். மாறவில்லையே என்று திரும்பத் திரும்ப வார்ப்புருவைத் தொகுத்தால் வரிசை இன்னும் நீளும்.

கருத்து மோதினால் மீளமைப்பைக்கொண்டு வாதாட வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணிநேரத்துக்குள் ஒருவர் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரலாம். மூன்று வரை உரிமை என்று அதற்குப் பொருளில்லை. ஒருமுறை மீளமைக்கப்பட்டதுமே பேச்சுப் பக்கத்துக்குப் போய், எந்த நூல், எந்தப் பக்கம் என்று சொல்லிக் கேளுங்கள். அங்கே தீராதது தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்துக்கு வரும். நிருவாகிகள் பக்கத்தைக் காக்கவும் பயனரைத் தடுக்கவும் முடியும். எது சரி என்று உள்ளடக்கத்தில் தீர்ப்புச் சொல்லும் தனி அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

தர மதிப்பீடு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. குறுங்கட்டுரை முதலான கீழ்நிலைகளை யாரும் மாற்றலாம், உயர்நிலைகளுக்குத்தான் முறையான மீளாய்வு உண்டு.

ஹாட்கேட் அல்லது ஆட்டோ விக்கி பிரவுசர் என்ற தொகுப்புக் கருவியை வைத்து நூற்றுக்கணக்கில் பகுப்பு சேர்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் பத்திருபது கட்டுரைகளில் செய்துவிட்டு ஒரு நாள் பொறுங்கள். அந்தக் கட்டுரைகளைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர்கள் அதற்குள் பார்த்துவிடுவார்கள், எதிர்ப்பு இருந்தால் பேச்சுப் பக்கத்தில் வந்துவிடும். ஐந்நூறு கட்டுரைகளுக்குப் பிறகு வந்தால், இடையில் மற்றவர்கள் செய்த தொகுப்புகள் குறுக்கே நிற்கும். ஒரே சொடுக்கில் மீளமைக்க வழியில்லாமல் ஒவ்வொன்றாகத் திறந்து கையால் எடுக்க வேண்டியதுதான்.