அமாடிஸ் என்ற வாத்தியார்: கேள்வி பதில்

கேள்வி: செர்வாண்டிஸ் எழுதிய டான் குவிக்ஸாட் நாவலில் ஓயாமல் அடிபடும் அமாடிஸ் யார்?

பதில்: ஸ்பெயினின் வீரசாகசக் கதைகளில் பெரும்புகழ் பெற்ற நாயகன். ரகசியமாகப் பிறந்து, பெட்டியில் வைத்துத் தண்ணீரில் விடப்பட்ட அரசகுமாரன். (கர்ணன் நினைவுக்கு வருகிறானா? எனக்கும்தான்.) பிரிட்டன் மன்னன் மகள் ஓரியானாவைக் காதலிக்கிறான். பழைய கதையைத் திருத்தி எழுதியவர் மொந்தால்வோ என்ற ஸ்பானிய எழுத்தாளர். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிப்பு 1508இல் சரகோசாவில் அச்சானது.

கேள்வி: வாள் வீசுகிறவனிடம் வாசகர்கள் என்ன கற்றிருக்க முடியும் ஐயா?

பதில்: பேசக் கற்றார்கள்! 1540இலிருந்து பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பிரபுக்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1559இல் பாரிஸில் ‘அமாடிஸ் கருவூலம்’ என்று ஒரு தொகுப்பு வந்தது. அதில் கதையை விட்டுவிட்டார்கள். கதைமாந்தரின் பேச்சுகள், கடிதங்கள், முறையீடுகள், அறைகூவல்களை மட்டும் பொறுக்கி எடுத்து அச்சிட்டார்கள். மன்னனிடமோ காதலியிடமோ எப்படிப் பேசுவது என்று தெரியாதவன் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். வாளை விட நாக்குக்குத்தான் அவன் வாத்தியார் என்பது என் கட்சி.

கேள்வி: நான் ஆசிரியை. ஒழுக்கத்துக்கும் அவனை முன்மாதிரியாகச் சொல்லலாமா?

பதில்: அன்றைக்கே அடிதடிதான் அம்மா. விவெஸ் என்ற அறிஞர் 1520களில் பெண்கல்வி பற்றி எழுதியபோது, பெண்கள் தொடக்கூடாத நூல்களில் இதையும் சேர்த்தார். ஊரறியக் கல்யாணம் ஆவதற்கு முன்பே ஓரியானாவுக்குக் குழந்தை பிறந்துவிடுகிறதே! 1531இல் ஸ்பெயின் அரசு இத்தகைய கதைகளை அமெரிக்காவுக்கு அனுப்பத் தடை போட்டது. ஆனால் விசுவாசத்தில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. வீண் சந்தேகத்தில் ஓரியானா கடிந்து எழுதுகிறாள். ‘நான் குற்றமற்றவன்’ என்று அவன் வாதாடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு ஒரு துறவியோடு பாறைத்தீவில் போய் அழுதுகொண்டிருக்கிறான். எனக்கு இது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது.

கேள்வி: குவிக்ஸாட் அவனைக் கேலி செய்கிறானா?

பதில்: பூஜை செய்கிறான். இத்தகைய கதைகளைப் படித்தே புத்தி பேதலித்து, தானும் வீரன் என்று கிளம்பியவன் அவன். முதல் பாகம் (1605), 25ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். மலையில் அதே தவத்தை நடித்துப் பார்க்கிறான். அமாடிஸுக்காவது கடிதம் வந்தது. இவனுக்கு ஒரு காரணமும் இல்லை. காரணமில்லாமல் பைத்தியமாவதுதான் பெருமை என்று தன் ஏவலாள் சாஞ்சோவுக்கு விளக்கம் வேறு! கேலி செர்வாண்டிஸுடையது. அவரும் 6ஆம் அத்தியாயத்தில் குவிக்ஸாட்டின் புத்தகங்களை எரிக்கத் தேர்ந்தெடுக்கும்போது அமாடிஸை நாவிதர் வாயால் காப்பாற்றிவிடுகிறார்.

கேள்வி: அமாடிஸ் கதையின் நான்கு பாகமும் படிக்க வேண்டுமா?

பதில்: முதல் இரண்டு போதும். நான்காவதில் மொந்தால்வோவின் உபதேசம் அதிகம். கொட்டாவி வந்தால் தயங்காமல் மூடிவிடுங்கள்.