கேள்வி-பதில்: பிஸ்கட்டுக்கு இருக்கும் தேதி போனுக்கு ஏன் இல்லை?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர், போன், கேமரா பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

புது லேப்டாப் வாங்கினேன். 2,400 ரூபாய்க்கு மூன்று வருட ஆன்டிவைரஸ் போடாவிட்டால் வாரன்டி செல்லாது என்கிறார் கடைக்காரர். – திண்டுக்கல் வாசகி

வாரன்டி அட்டையில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பேச்சு நின்றுவிடும். வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும்.

தெரிந்த தம்பி ஒருவர் 500 ரூபாய்க்கு ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் போட்டுத் தந்தார். கிராக் (காசு கட்டாமல் மென்பொருளை ஓடவைக்கும் திருட்டு நிரல்) வேலை செய்ய டிஃபெண்டரை ஆஃப் செய்தே வைத்திருக்கச் சொல்கிறார். பிரச்சினை வருமா? – ஈரோடு வாசகர்

வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிவிட்டு மூட்டையை உள்ளே இறக்கியிருக்கிறார். கூலியும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற உரையில் ஒரு வித்தையை விளக்கினார். 1984-இல் வெளியான உரை அது. எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள்ளேயே ஒரு கள்ளக் கதவை ஒளித்துவிடலாம். மூல நிரலை வரி வரியாகப் படித்தாலும் கண்ணில் படாது. நீங்களே முழுக்க எழுதாத எதையும் நம்ப முடியாது என்று முடித்தார். நாம் அவ்வளவு தூரம் போக முடியாது, யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் யாரை என்றாவது தெரிய வேண்டாமா? அந்தக் கிராக்கை எழுதியவர் யார், இலவசமாகக் கொடுப்பதில் அவருக்கு என்ன வரும்படி? உங்களுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது.

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். ஆபீஸுக்குப் பதிலாக லிப்ரெஆபீஸ் இருக்கிறது, இலவசம்.

மின்கட்டணம் பாக்கி, இரவு 9.30-க்கு கரண்ட் கட் என்று மெசேஜ் வந்தது. அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு ஆப் போடச் சொல்லி, 10 ரூபாய் கட்டச் சொன்னார்கள். 46,000 போய்விட்டது. நேற்று நடந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. – பணி ஓய்வு பெற்ற ஆசிரியை

கடிதம் எழுதிய அந்த அம்மாவிடம், அது கிடைத்த அன்றே பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அடுத்து வங்கிக்குச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் புகார் செய்யும் வரை போனது உங்களுடையது, அதற்குப் பிறகு போவது வங்கியுடையது. தவறு வாடிக்கையாளர் மேல்தான் என்றால் நிரூபிக்க வேண்டியது வங்கி. கவுன்டரில் இதைச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

அப்புறம், "படிச்சவங்களே இப்படியா" என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். ராத்திரி இருட்டில் தனியாக உட்கார வேண்டுமே என்று பயந்தவரை ஏமாற்றியிருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை.

9,000 ரூபாய் போன், வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. செக்யூரிட்டி அப்டேட் வருவதில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "இந்த மாடலுக்கு அவ்வளவுதான் சார், புதுசு எடுங்க" என்கிறார்கள். – நாகர்கோவில் வாசகர்

என் வாயைக் கிளறிவிட்டீர்கள்.

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுங்கள். எப்போது செய்தது, எத்தனை மாதத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று போட்டிருக்கும். போன் பெட்டியைத் திருப்பினால் எம்ஆர்பி, இறக்குமதி செய்தவர் முகவரி, கேமராவின் மெகாபிக்சல் எல்லாம் இருக்கும். அப்டேட் என்றைக்கு நிற்கும் என்ற ஒரு வரியை மட்டும் நான் வாங்கிய எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. மற்ற பொருள் உடைந்தால்தான் வீண். போன் அப்படி இல்லை. மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அதை அப்டேட் அனுப்பி அடைப்பது நின்றுபோன நாளிலிருந்து அது திறந்து கிடக்கிறது. வெளியே பளபளவென்றுதான் இருக்கும்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. கேலக்ஸி எஸ்24, பிக்சல் 8 போன்ற விலை உயர்ந்த போன்களுக்கு ஏழு ஆண்டு என்று பெருமையாக விளம்பரமே செய்கிறார்கள். 9,000 ரூபாய்க்காரர் கேட்டால் மட்டும் "அவ்வளவுதான் சார்".

எனக்கும் பட்ட புண் உண்டு. தீபாவளித் தள்ளுபடியில் ஒரு டேப்லெட் வாங்கினேன். அது கடையில் கிடந்தே கிழடாகிப்போன மாடல் என்பது, ஐந்தாவது மாதம் வங்கி ஆப் "உங்கள் ஆண்ட்ராய்டு பழையது" என்று கதவைச் சாத்தியபோதுதான் புரிந்தது. இப்போது அதில் சமையல் வீடியோ ஓடுகிறது.

உங்கள் போனில் செட்டிங்ஸுக்குப் போய், 'அபவுட் போன்' பகுதியில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழசு என்றால் வங்கி வேலையை அதில் வைக்காதீர்கள். அடுத்த முறை பில் போடுமுன் கேளுங்கள்: அப்டேட் எந்த வருடம் வரை? கடைக்காரர் விழித்தால் நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். அங்கேயும் இல்லை என்றால் அதுவே பதில்.

பட்டுப்புடவை 799 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். தளத்தில் பூட்டுப் படம்கூட இருந்தது. பணம் கட்டி இரண்டு மாதம் ஆகிறது. – மதுரை வாசகி

நீங்கள் அனுப்பும் கார்டு எண்ணை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்று அது சொல்லவில்லை. திருடரும் இலவசமாகவே அதை வாங்கி மாட்டலாம். மக்கள் இப்படித் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் 2023-இல் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. சரி, 799-க்குப் பட்டு என்றால் உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா?

வீட்டு வாசல் கேமராவுக்கு 'அட்மின், 123456' என்ற பாஸ்வேர்டே இருக்கட்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். – சேலம்

இன்றைக்கே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நிரல் இப்படித் தொழிற்சாலைப் பாஸ்வேர்டு அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டே உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்தப் படையை ஏவித்தான் அமெரிக்காவில் ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் மணிக்கணக்கில் முடக்கினார்கள்.

ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 499 ரூபாய். வாங்கலாமா? – திருச்சி

வாங்காதீர்கள். உள்ளே இருப்பது 32 ஜிபியோ என்னவோதான். "நான் 2 டிபி" என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல அதன் சிப்புக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். காப்பி ஆகும், கோப்பின் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் 600 கொடுத்தேன். அக்கா மகள் கல்யாணப் போட்டோக்களை எல்லாம் அதில் ஏற்றிவிட்டு லேப்டாப்பில் அழித்தேன். மாப்பிள்ளை அழைப்பு வரை இருக்கிறது. தாலி கட்டியது இல்லை.